புதுப் புல்தரையும் பழைய பூசணமும்

கந்தகம் எங்கள் வட்டாரத்தில் அன்னியப் பொருள் அன்று. தீக்குச்சியின் தலையில் அது உண்டு. பட்டாசின் வயிற்றிலும் உண்டு. 1920-களில் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் வேர்விட்டது முதல், விருதுநகர், சாத்தூர், சிவகாசிப் பக்கத்துப் பிள்ளைகள் அந்த மஞ்சள் தூளைப் பார்த்தே வளர்ந்து வந்திருக்கிறார்கள். ஆகவே எங்கள் கல்லூரி முகப்பில் புதிதாகப் போட்ட புல்தரை நோயுற்றபோது, "கொஞ்சம் கந்தகத்தைத் தூவுங்கள் சார், எல்லாம் சரியாகிவிடும்" என்று பலர் சொன்னதில் வியப்பில்லை.

நடந்தது இதுதான். ஆண்டுவிழாவுக்குள் முகப்பு பச்சையாக இருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலத்தில் கரிசல் மண்ணைச் சமன்படுத்தி, அதன்மேல் ஒரு சாண் செம்மண் பரப்பினோம். கடையில் பொட்டலமாக வாங்கிய புல்விதையைத் தூவினோம். அது வேறொன்றுமில்லை, அருகம்புல்லின் விதைதான். கரிசல்காட்டு உழவர் களையென்று பிடுங்கி எறியும் அருகை நாங்கள் காசு கொடுத்து வாங்கினோம்! காலையும் மாலையும் ரப்பர்க் குழாயால் நீர் பாய்ச்சினோம். எட்டாம் நாள் தரை பசேலென்று இருந்தது. மூன்றாம் வாரம் ஆங்காங்கே உள்ளங்கை அகலத்துக்கு நாற்றுகள் சாய்ந்தன. அடித்தண்டு நீர்கோத்துக் கறுத்து, நூல்போல் மெலிந்திருந்தது. விடியற்காலையில் பார்த்தால், சாய்ந்த புல்லின்மேல் வெண்பஞ்சு போன்ற மெல்லிய இழைகள். நான்கைந்து நாட்களில் உள்ளங்கைகள் முறங்களாகிவிட்டன.

ஒருவர் கந்தகம் என்றார். மற்றொருவர் மயில்துத்தம் என்றார். கல்லூரித் தோட்டக்காரர் மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு, "நாத்தங்கால்ல இப்படி ஆனா தண்ணியை வடிச்சு விடுவோம், சார்" என்றார். யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. நானும்தான். இயற்பியல் ஆசிரியனான நான் நூலகத்துக்குப் போய் இந்த மருந்துகளின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கினேன். படித்து முடித்தபோது தோட்டக்காரர் சொன்ன சொல்லுக்கே திரும்பி வந்து சேர்ந்தேன். அந்த வழியில் உங்களையும் அழைத்துச் செல்கிறேன்.

செப்புப் பாத்திரம் சொன்ன செய்தி

செடிக்கு நோய் எப்படி வருகிறது? இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் இக்கேள்விக்குப் பலரும் கூறிய விடை, "கெட்ட காற்று, கெட்ட பனி" என்பதே. அழுகிய செடியில் பூசணம் காணப்பட்டால், அழுகியதால் பூசணம் தோன்றியது என்று கொண்டார்கள். பூசணத்தால் அழுகியது என்று எண்ணவில்லை.

1807-இல் பிரான்சு நாட்டில் மாந்தபான் நகரைச் சேர்ந்த பெனெடிக்ட் பிரேவோ என்பவர் இதை மாற்றி எண்ணினார். கோதுமைக் கதிரைக் கரித்தூளாக்கும் நோயை அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். அந்தக் கரித்தூள் உண்மையில் ஸ்போர்கள் எனப்படும் நுண்வித்துக்களின் திரள் என்று கண்டார். நீரிலிட்டு அவை முளைப்பதையும் நுண்ணோக்கியில் பார்த்தார். ஆனால் செப்புப் பாத்திரத்தில் வைத்திருந்த நீரில் மட்டும் அவை சரியாக முளைக்கவில்லை. பாத்திரத்திலிருந்து கரைந்த மிகச் சிறிதளவு செம்பே வித்துக்களை முடக்கியது என்று உணர்ந்து, விதைகளை மயில்துத்தக் கரைசலில் நனைக்கும் முறையை அவர் முன்வைத்தார். அக்காலத்தில் பெரும்பாலான அறிஞர்கள் அவர் கூற்றை ஏற்கவில்லை.

1845-இல் ஐரோப்பாவின் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிற்று. அயர்லாந்தில் அது பெரும் பஞ்சமாயிற்று. அதன் பின்னரே இக்கேள்வி உயிர்ப்பிரச்சினை ஆனது. 1861-இல் செருமானிய அறிஞர் அன்டன் டி பாரி, அந்தக் கிழங்கு நோய்க்கு ஒரு பூசணமே காரணம் என்று சோதனையால் நிறுவினார். அவர் பெயரையே தாங்கிய ஓர் உயிரி நம் கதைக்கு முக்கியமானது. 1874-இல் ஹெஸ்ஸே என்பவர், இளநாற்றுகளை அடித்தண்டில் அழுகச் செய்யும் நுண்ணுயிர் ஒன்றை விவரித்து, அதற்குப் பித்தியம் டிபாரியானம் என்று பெயரிட்டார். பித்தியம் என்னும் சொல் கிரேக்க மொழியில் அழுகலைக் குறிப்பது. எங்கள் புல்தரையில் நாங்கள் கண்ட நாற்றழுகல் நோய்க்கு முதன்மையான காரணம் இந்தப் பித்தியம் குடும்பமே.

கந்தகத்தின் பெருமையும் எல்லையும்

இப்போது கந்தகத்துக்கு வருவோம். 1821-இல் ஜான் ராபர்ட்சன் என்பவர், பீச் மரத்தின் சாம்பல் நோய்க்குக் கந்தகமே நல்ல மருந்து என்று இலண்டன் தோட்டக்கலைக் கழகத்தில் எடுத்துரைத்தார். 1845-இல் இங்கிலாந்தின் மார்கேட் ஊரில், டக்கர் என்னும் தோட்டக்காரர் திராட்சையில் ஒரு புதுச் சாம்பல் நோயைக் கண்டார். சில ஆண்டுகளில் அது பிரான்சுக்குத் தாவி, திராட்சைத் தோட்டங்களைச் சூறையாடியது. அப்போது கைகொடுத்தது கந்தகத் தூள்தான். 1850-களில் பிரெஞ்சு உழவர்கள் துருத்திகளைக் கொண்டு கொடிகளின்மேல் மஞ்சள் தூளை ஊதினார்கள்; விளைச்சல் மீண்டது.

இங்கே இயற்பியல் சிறிது நுழைகிறது. ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கந்தகக் கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே 0.01 மில்லிமீட்டர் பக்கமுள்ள சிறு கனசதுரங்களாகப் பொடித்தால், நூறு கோடித் துகள்கள் கிடைக்கும். மொத்த மேற்பரப்பு 6,000 சதுர சென்டிமீட்டர் ஆகிவிடும். எடை அதேதான், பரப்பு ஆயிரம் மடங்கு. கந்தகம் தன் பரப்பிலிருந்தே வேலை செய்வதால், தூள் நுண்மையாக நுண்மையாக மருந்தின் வலிமை கூடும். பட்டாசுக் கலவையை நுண்மையாக அரைத்தால் அது விரைந்து எரிவதற்கும் இதே விதிதான் காரணம். இலையின்மேல் வேலை செய்வதும், பட்டறையில் உயிரைப் பறிப்பதும் ஒரே வடிவியல் உண்மை! ஆகையால் தொழிற்சாலைக் கந்தகத்தைத் தோட்டத்துக்குக் கொண்டுவராதீர்கள். அது தீப்பற்றக்கூடியது, அதனுடன் வேறு வேதிப்பொருள்கள் கலந்திருந்தால் ஆபத்து இன்னும் பெரிது. உழவுக்கென்று விற்கப்படும் நனையும் கந்தகம் வேறு.

ஆனால் இவ்வளவு பெருமையுள்ள கந்தகம் எங்கள் புல்தரைக்கு உதவுமா? உதவாது. காரணத்தைக் கூறுகிறேன். சாம்பல் நோய்ப் பூசணம் பெரும்பாலும் இலையின் வெளிப்பரப்பில் படர்ந்து வாழ்வது. ஆகவே இலைமேல் விழுந்த தூள் அதனைத் தொட்டுவிடும். பித்தியமோ மண்ணுக்குள், நீரில் வாழ்வது. மேலும், வெப்பம் ஏறத்தாழ 32 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டும் நாட்களில் கந்தகம் இளம் இலையையே கருக்கிவிடக்கூடும். எங்கள் ஊரில் அப்படிப்பட்ட நாட்களுக்குப் பஞ்சமில்லை.

இலங்கையிலிருந்து ஒரு பாடம்

கந்தகத்துக்கு அடுத்து வந்தது செம்பு. 1882-இல் பிரான்சின் போர்டோப் பகுதியில் பேராசிரியர் மில்லார்டே நடந்துசென்றார். வழிப்போக்கர்கள் பழத்தைத் திருடாமலிருக்க, சாலையோரக் கொடிகளின்மேல் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்திருந்தார்கள். அந்தக் கொடிகளில் மட்டும் அடிச்சாம்பல் நோயால் இலை உதிரவில்லை. 1885-இல் அவர் வெளியிட்ட அக்கலவையே இன்றும் நம் உழவர்கள் கூறும் போர்டோ கலவை.

இந்தக் கண்டுபிடிப்பு சில ஆண்டுகள் முன்னதாக வந்திருந்தால் தமிழர் வாழ்க்கையே ஒருவேளை சிறிது மாறியிருக்கலாம். இலங்கையின் மலைகளில் அப்போது காப்பித் தோட்டங்கள் பரந்து கிடந்தன. நம் தென்மாவட்டங்களிலிருந்து ஏராளமான கூலித்தொழிலாளர்கள் அங்கே சென்று உழைத்தார்கள். 1869-இல் காப்பி இலையில் துரு நோய் காணப்பட்டது. 1880-இல் அதை ஆராய வந்த இளம் அறிஞர் மார்ஷல் வார்டு, ஸ்போர் ஈரமான இலையில் முளைத்து, இலைத்துளை வழியே உள்ளே புகுவதைக் கண்டறிந்தார். உள்ளே புகுந்தபின் மேலே பூசும் மருந்தால் பயனில்லை என்பதும், மலைமுழுதும் இடைவெளியின்றி ஒரே பயிரை நட்டது நோய்க்கு வழிவிட்டது என்பதும் அவர் ஆய்விலிருந்து உலகம் கற்ற பாடங்கள். காப்பி அழிந்தது; அந்த மலைகளில் தேயிலை வந்தது.

இதில் நாம் மனத்தில் கொள்ள வேண்டியது ஒன்று. நோய்க்கு மூன்று கால்கள் தேவை: நோயுறும் செடி, நோய்தரும் உயிரி, ஏற்ற சூழல். முக்காலியின் ஒரு காலை எடுத்தால் போதும், அது விழுந்துவிடும். மருந்து என்பது இரண்டாம் காலை வெட்டும் முயற்சி. மூன்றாம் காலை வெட்ட முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டாமா?

நம் நாட்டில் பித்தியம்

இந்தியாவில் பூசண நோய் ஆராய்ச்சிக்கு அடிகோலியவர் எட்வின் ஜான் பட்லர். அயர்லாந்தில் மருத்துவப் பட்டம் பெற்ற அவர் 1901-இல் இந்தியா வந்தார். பின்னர் பீகாரின் பூசா ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்தார். 1907-இல் பித்தியம் இனத்தைப் பற்றியே அவர் விரிவான நூலொன்றை வெளியிட்டார். 1919-இல் எல். எஸ். சுப்பிரமணியம் என்னும் ஆய்வாளர், இஞ்சி, புகையிலை, பப்பாளி ஆகியவற்றை அழுகச் செய்யும் ஒரு பித்தியத்தை விவரித்து, அதற்குப் பட்லரின் பெயரையே சூட்டினார். இப்போது அது பித்தியம் அஃபானிடெர்மாட்டம் என்னும் இனத்துடன் சேர்த்து எண்ணப்படுகிறது. குளிரில் அடங்கியிருந்து, 30 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் தழைப்பது அதன் இயல்பு. விருதுநகருக்கு இதைவிடப் பொருத்தமான விருந்தாளி வேறு யார்?

இன்றைய அறிவு இன்னொன்றையும் சேர்க்கிறது. பித்தியம் உண்மையான பூசணமே அன்று. அதன் செல்சுவரில் செல்லுலோசு உண்டு. உறவுமுறையில் அது பழுப்புப் பாசிகளுக்கு நெருக்கமானது. இது வெறும் பெயர்ச் சிக்கல் என்று எண்ணிவிடாதீர்கள். 1960-களின் இறுதியில் வந்த பெனோமில் என்னும் மருந்து பல பூசணங்களை அடக்கியது; பித்தியத்தை அசைக்கவில்லை. 1977-இல் மெட்டலாக்சில் வந்தது. அது பித்தியத்தை அடக்கியது. ஆனால் சில ஆண்டுகளுக்குள், அமெரிக்காவின் கோல்ஃப் திடல்களில் அதற்கும் அடங்காத பித்தியம் தலைகாட்டிற்று.

புல்தரை மருத்துவத்தின் இருண்ட பக்கம்

கோல்ஃப் என்றதும் புல்தரையின் சொந்த வரலாறு நினைவுக்கு வருகிறது. ஒட்ட வெட்டிய புல்தரை இங்கிலாந்தின் செல்வர் மாளிகைகளில் வளர்ந்த பழக்கம். 1830-இல் எட்வின் பட்டிங் புல்வெட்டும் பொறிக்குக் காப்புரிமை பெற்றபின் அது பரவலாயிற்று. நம் நாட்டுக்கு அது வெள்ளைக்காரர் பங்களாக்களுடன் வந்தது.

புல்தரை நோய் அறிவியல் பார்வைக்கு வந்தது 1914-இல், அமெரிக்காவின் பிலடெல்பியாவில். தொழிற்சாலை நிருவாக முறைக்குப் பெயர்பெற்ற பிரெடரிக் டெய்லரின் தோட்டத்துப் புல்லில் பழுப்பு வட்டங்கள் தோன்றின. 1919-இல் பைப்பர், கோ ஆகிய இருவரும், அந்நோய்க்கு ரைசோக்டோனியா என்னும் பூசணம் காரணம் என்று எழுதினார்கள். இது எங்கள் பித்தியத்துக்கு வேறான மற்றொரு பகைவன்.

மருந்து? முதலில் போர்டோ கலவையைத் தெளித்தார்கள். புல் தேறியது; ஆனால் ஆண்டுக்கு ஆண்டு செம்பு மண்ணில் சேர்ந்து, அதே புல்லை நஞ்சூட்டியது. அடுத்து 1920-களில் பாதரசக் கூட்டுப்பொருள்களைக் கையாண்டார்கள். பூசணம் அடங்கியது. பாதரசம் எங்கே போயிற்று என்று அப்போது பெரிதாக யாரும் கேட்கவில்லை.

கேட்க வைத்தது வேறிடங்களில் நேர்ந்த துயரங்கள். 1956-இல் ஜப்பானின் மினமாட்டாவில், தொழிற்சாலைக் கழிவிலிருந்த பாதரசம் மீன் வழியாக மனிதரின் நரம்புகளைச் சிதைத்தது வெளிப்பட்டது. 1971-72-இல் ஈராக்கில், பூசணம் பிடிக்காதிருக்கப் பாதரச மருந்து பூசிய விதைக் கோதுமையை மக்கள் அறியாமல் ரொட்டி சுட்டு உண்டார்கள். 6,500-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அங்கே 459 பேர் மாண்டனர். இந்தியாவிலும் எத்தில் மெர்க்குரி குளோரைடு, பீனைல் மெர்க்குரி அசிடேட் ஆகிய மருந்துகள் தடைசெய்யப்பட்டுவிட்டன. ஒரு பச்சைக் கம்பளத்துக்காக மண்ணில் எதைக் கொட்டுகிறோம் என்ற கேள்வியை இந்த வரலாறு நம்முன் வைக்கிறது. நம் ஊரில் அக்கேள்வி இன்னும் கூர்மையானது. இங்கே மருந்தைக் கலக்குபவர் பெரும்பாலும் கையுறையில்லாத தோட்டக்காரரே அல்லவா?

மூன்றாம் கால்: தண்ணீர்

பித்தியம் எப்படிப் பரவுகிறது? மண்துகள்களின் இடையே நீர் நிறைந்திருக்கும்போது, அது வால்போன்ற இழைகளையுடைய நீந்தும் ஸ்போர்களை வெளிவிடும். அவை நீரில் நீந்தி வேரைத் தேடிச் செல்லும். நீர் வடிந்து, துளைகளில் காற்றுப் புகுந்துவிட்டால் நீச்சல் இல்லை, பரவுதலும் தளரும்.

எங்கள் தரையில் நீர் வடிந்ததா? ஒரு கரண்டியால் தோண்டிப் பார்த்தேன். மேலே பரப்பிய செம்மண் நீரை விரைவாக உள்ளே விட்டது. கீழேயிருந்த கரிசலின் துளைகளோ மிக நுண்ணியவை; ஈரமானதும் கரிசல் உப்பி, அத்துளைகளையும் அடைத்துக்கொள்ளும். ஆகவே நீர் இரண்டுக்கும் இடையே தேங்கி நின்றது. மேலே பார்த்தால் புல்தரை. கீழே பார்த்தால் குளம்!

கணக்கையும் பார்த்தேன். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் உயரம் நீர் என்றால் ஒரு லிட்டர். 200 சதுர மீட்டரில் காலையும் மாலையும் 5 மில்லிமீட்டர் வீதம் பாய்ச்சினால், நாளொன்றுக்கு 2,000 லிட்டர். அந்தத் தண்ணீரை நாங்கள் லாரியில் விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தோம். கல்லூரிக்கு எதிர்த்தெருவில் குடங்கள் வரிசையில் நின்றன. விலை கொடுத்து வாங்கிய தண்ணீரால் நோயை வளர்த்து, அதைப் போக்க விலை கொடுத்து நஞ்சு வாங்க இருந்தோம்.

மாலைப் பாசனம் இன்னொரு பிழை. கதிரவன் மறைந்தபின் ஆவியாதல் குறைகிறது. தெளிந்த இரவில் புல் தன் வெப்பத்தை வானுக்குக் கதிர்வீசிக் குளிர்ந்து, பனியையும் வாங்கிக்கொள்கிறது. ஆகவே மாலையில் நனைந்த புல் மறுநாள் வெயில் ஏறும்வரை ஈரமாகவே இருக்கும். விடியலில் பாய்ச்சினால் சில மணி நேரத்தில் உலர்ந்துவிடும். அதே நீர்தான், ஆனால் பூசணத்துக்குக் கிடைக்கும் நேரம் வேறு.

என்ன செய்தோம்? மாலைப் பாசனத்தை நிறுத்தினோம். மேல்மண் உலரத் தொடங்கிய பின்னரே, காலையில் பூவாளியால் நீர் ஊற்றினோம். தோட்டக்காரர் தரையின் தாழ்ந்த ஓரத்தில் கரிசல் வரை ஆழமாக வாய்க்கால் வெட்டினார். முதல் நாள் அதில் கலங்கல் நீர் ஊறி ஓடியதை எல்லோரும் நின்று பார்த்தோம். இளந்தழையை மென்மையாக்கும் யூரியாவை நிறுத்தினோம். அழுகிய திட்டுகளை மண்ணோடு அகற்றி, மட்கிய தொழு உரத்தில் டிரைக்கோடெர்மா கலந்து இட்டோம். டிரைக்கோடெர்மா ஒரு நல்ல பூசணம்; மற்றப் பூசணத்தின்மேல் ஒட்டி வாழ்ந்து அதை அழிக்கும் என்று 1932-இல் வைண்ட்லிங் காட்டினார். வெற்றிடங்களில் மறுவிதைப்பை நெருக்கமின்றிச் செய்தோம். நெருங்கிய நாற்றுகளிடையே காற்று உலவாது.

நோய் நின்றது. மருந்துக் கடைக்குப் போகவில்லை. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும்: வேப்பமர நிழலில் இருந்த மூலை கடைசிவரை தேறவில்லை. அங்கே கூழாங்கல் பரப்பிவிட்டோம். ஆண்டுவிழாவுக்கு வந்தவர்கள் அதையே அழகென்று பாராட்டினார்கள்!

மருந்தே கூடாது என்பது என் கருத்தன்று. வடிகாலும் பாசனமும் சரியாக இருந்தும் நோய் நிற்காவிட்டால், எந்த உயிரி என்பதை வேளாண்மை அலுவலர் மூலம் அறிந்து, அதற்குரிய மருந்தை அளவோடு, கையுறையும் முகமூடியும் அணிந்து தெளிக்கலாம். அதற்குமுன் வாடிய புல்லைப் பிடுங்கியும் பாருங்கள். வேர் கடிபட்டிருந்தால் குற்றவாளி புழு, பூசணம் அன்று.

நீங்களே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். இரண்டு கொட்டாங்கச்சிகளில் ஒரே தோட்டத்து மண்ணை நிரப்புங்கள். ஒன்றின் கண்ணைத் துளைத்து, அடியில் சில கற்களை இடுங்கள். மற்றதை மூடியபடியே விடுங்கள். இரண்டிலும் தக்காளி விதையை நெருக்கமாகத் தூவி, ஒரே அளவு நீர் ஊற்றி வாருங்கள். மூன்று வாரம் நாள்தோறும் எத்தனை நாற்று நிற்கிறது, எத்தனை சாய்ந்தது என்று எண்ணி எழுதுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் நாற்றங்காலை ஏன் மேட்டுப்பாத்தியில் போட்டார்கள் என்பதற்கு அந்தக் கணக்கே விடை சொல்லும்.